நெடுந்தீவுக்குப் போன பெட்டி

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் தங்களை யார் யார் வழியனுப்ப வந்தார்கள் என்றுதான் தொடங்குகிறார்கள். மாலை போட்டார்களாம், எலுமிச்சம்பழம் கொடுத்தார்களாம், றெயில் கண்ணுக்கு மறையும் வரைக்கும் கைத்துணி லேஞ்சியை அசைத்தார்களாம். என்னை ஒருவரும் வழியனுப்பவில்லை. போன வைகாசியில் ஒரு காலை கரம்பொனில் இருந்து ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு நான் மாட்டு வண்டிலில் போனபோது, வழியில் நின்ற சனம் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வண்டிலில் எனக்குப் பின்னால் ஒரு பிரேதப் பெட்டி இருந்தது. அதைச் செய்தவன் நான். செய்த பெட்டியை நானே கொண்டுபோய், ஆளை அதற்குள் வைத்து, மூடியை அறைந்து, சேமக்காலையில் குழிக்குள் இறக்கும் வரைக்கும் கூட நிற்பது என் வழக்கம். வேறு தச்சர்கள் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு அது சரிவராது.

அன்று பொழுது விடிந்த கையோடு நெடுந்தீவில் இருந்து சவிரிமுத்து என்பவர் தன்னுடைய வள்ளத்தில் வந்து இறங்கினார். கடற்றொழில் செய்கிறவர். அவருடைய அக்காளின் புருசன் மனுவேல் முதல்நாள் பின்னேரம் மோசம் போய்விட்டார். நெடுந்தீவில் பனைக்கும் மாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் பெட்டிக்கு ஏற்ற பலகை அங்கே கிடையாது. ஆகவே வசதி உள்ளவர்களும் வசதி இல்லாதவர்களும் பெட்டி என்றால் எங்கள் பக்கத்துக்குத்தான் வள்ளம் விடுவார்கள். சவிரிமுத்துவும் இரவே புறப்பட்டு, தென்மேற்கே இருந்து வீசும் சோழகக் காற்றின் முதுகில் ஏறி, அளவுக் கயிற்றோடு வந்திருந்தார்.

இந்த அளவுக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் செத்தவரை அடிக்கோலால் அளப்பதில்லை. இத்தனை அடி என்று வாயால் சொல்வதும் இல்லை. உச்சந்தலையில் இருந்து குதிக்கால் வரைக்கும் ஒரு நூற்கயிற்றைப் பிடித்து, இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டுத் தச்சனிடம் அனுப்புவோம். வேலை முடிந்ததும் அந்தக் கயிறு ஆளோடு பெட்டிக்குள்ளேயே போய்விட வேண்டும். அதுவரைக்கும் உயிரோடு இருக்கிறவரின் உடம்பில் அதைக் கட்டக் கூடாது. கட்டினால் அடுத்த அளவு அவருடையது என்று ஒரு பயம். சவிரிமுத்துவுக்கு அந்தப் பயம் அதிகம். கயிற்றை மடியில் செருகாமல் பாய்மரத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கடல் எறிந்த தண்ணீரில் கயிறு ஊறிப்போய் இருந்தது. கடலால் வந்த பொருள் ஈரமாய் இராமல் வேறு எப்படி இருக்கும் என்று நான் அதை அப்படியே பலகையில் நீட்டி அளந்தேன்.

அத்தான் நல்ல நெட்டையான ஆள் என்று சவிரிமுத்து சொல்லத்தான் செய்தார். கயிற்றைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. செத்த பிறகு எல்லாரையும் கொஞ்சம் உயர்த்தியும் கொஞ்சம் நல்லவராக்கியும் பேசுவது மனுசருடைய வழக்கம்தானே. அதோடு யுத்தம் தொடங்கிய நாளில் இருந்து பலகைக்குப் பெரும் பஞ்சம். தாராளமாய் நீளம் விட்டு வெட்டுகிற காலம் மலையேறிவிட்டது. நான் கயிற்றைத்தான் நம்பினேன்.

ஒன்பது மணியளவில் துறைமுகத்தில் பெட்டியை வள்ளத்துக்குள் இறக்கினோம். மண்ணெண்ணெய் இல்லாமல் மோட்டார் வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. அதனால் நெடுந்தீவுக்குப் போக ஆட்கள் இரண்டு நாளாய்க் கரையில் காத்திருந்தார்கள். எங்கள் பெட்டியைக் கண்டதும் எல்லாருக்கும் திடீரென்று வேறு அலுவல் வந்துவிட்டது. ஒரே ஒருவர்தான் நின்றார். புளியங்கூடலைச் சேர்ந்தவர், சைவக்காரர், தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருக்கும் முதலாளி. நெடுந்தீவில் பசு மாடு வாங்கப் புறப்பட்டவர். அவர் பெட்டியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிறதோ என்று என்னிடம் மெதுவாய்க் கேட்டார். இல்லை, வெறும் பெட்டி என்றேன். வெறும் பெட்டி என்றால் தளவாடம்தானே என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஏறிவிட்டார். சவிரிமுத்து அவரிடம் ஐம்பது சதம் வாங்கினார்.

கடற்கோட்டையைத் தாண்டும் வரைக்கும் சுகமான பயணம். கடல்வழி பதினைந்து மைல் என்பார்கள். இரவில் சவிரிமுத்துவைத் தள்ளிக்கொண்டு வந்த சோழகம் இப்போது எங்கள் மூஞ்சியில் அடித்தது. நேரே போக வழியில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம் ஓடி, பாயை மாற்றி, அந்தப் பக்கம் கொஞ்சம் ஓடி, அனலைதீவைத் தாண்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தூரத்தில் நயினாதீவு தெரிந்ததும் முதலாளி எழுந்து நின்று அம்மன் கோயில் பக்கம் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குமுன் வள்ளம் ஒரு ஆட்டம் ஆடியது. மனுசன் வந்து பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு அதை விடவேயில்லை. நயினாதீவில் இருந்து நெடுந்தீவு வரைக்கும் அதிலேதான் சாய்ந்திருந்தார்.

வயிற்றைப் பிரட்டுகிறது நின்ற பிறகு அவருக்குப் பேச்சு வந்தது.

"குறை நினையாதையும். உமக்கு உந்தத் தொழில் அரியண்டமாய் இல்லையோ?" என்று கேட்டார்.

அருவருப்பு இல்லையோ என்ற இந்தக் கேள்வியை என்னிடம் கேளாதவர் இல்லை. பெண் கேட்டுப் போன வீட்டிலேயே கேட்டார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். அன்று வரவில்லை. நான் அவருக்குச் சொன்னது இதுதான். செத்த வீட்டுக்குள் போய்ப் பாரும். படித்தவர், பணக்காரர், வாய்க்காரர் எல்லாரும் கையை எங்கே வைக்கிறது என்று தெரியாமல் நிற்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஆள் அங்கே நான் ஒருவன்தான். பெட்டியை இங்கே வையுங்கோ, தலைமாட்டுக்கு நீர் வாரும், மெல்லத் தூக்குங்கோ என்று நான் சொல்லச் சொல்ல அந்தச் சனத்துக்கு மூச்சு வருகிறதைக் கண்ணால் காண்பேன். மேசையும் அலுமாரியும் செய்து கொடுத்த காலத்தில் ஒருவருக்கும் நான் அவ்வளவு தேவைப்பட்டது கிடையாது. இது எனக்குப் பெருமை, முதலாளி, வாய்விட்டே சொல்கிறேன் என்றேன். அவர், சுருட்டு விற்கிறதில் அப்படி ஒன்றும் இல்லைத்தான் என்று ஒத்துக்கொண்டார்.

பின்னேரம் நாலு மணிக்குக் கிட்ட நெடுந்தீவில் இறங்கினோம். கரையில் நின்ற நாலு பேர் பெட்டியைத் தோளில் எடுத்தார்கள். நான் வாளும் உளியும் கிடந்த ஆயுதப் பையோடு முன்னுக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் கடலில் எடுத்த முருகைக் கல் அடுக்கிய மதில்கள், நடுவே வெள்ளை மண் ஒழுங்கை. புல் மேய்ந்துகொண்டு நின்ற குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டன. கோயிலில் சா மணி அடித்துக்கொண்டிருந்தது. முதலாளிக்கு மாடு விற்கிறவரின் வீடும் அந்த வழிதான் என்பதால் அவரும் பின்னால் வந்தார்.

வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வெள்ளை விரித்த ஒரு வாங்குப் பலகையிலே மனுவேல் நேராய்க் கிடந்தார். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். நான் வாசலில் நின்று ஒரு பார்வைதான் பார்த்தேன். இத்தனை வருசப் பழக்கத்தில் என் கண் பொய் சொல்லாது. அந்த மனுசன் என் பெட்டியைவிட நீளம்.

இறங்கும்போது அவிழ்த்துக் கொண்டுவந்த அளவுக் கயிற்றை எடுத்தேன். காலையில் வேலை முடிந்ததும் நானே அதைத் திரும்பவும் சவிரிமுத்துவின் பாய்மரத்தில் கட்டியிருந்தேன். வழி முழுக்க வெயிலிலும் காற்றிலும் பறந்து காய்ந்து போய் இருந்தது. அதை மனுவேலின் தலையில் இருந்து குதிக்காலுக்குப் பிடித்தேன். சொட்டும் பிசகில்லை, சரியாய் இருந்தது. அதே கயிற்றைப் பெட்டிக்குள் பிடித்தேன். கால்மாட்டுப் பலகையைத் தாண்டி நாலு விரற்கடை வெளியே நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். செபமாலை நின்றுபோய்விட்டது. செத்தவர் வளருகிறார் என்று ஒரு பெண் முணுமுணுத்து நெற்றியில் சிலுவை போட்டாள்.

சவிரிமுத்து என் கையில் இருந்த கயிற்றை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார். நாள் முழுக்கத் தூண்டில் நூலோடு பழகுகிற கை அது. பருத்தி நூல் தண்ணீரில் ஊறினால் சுருங்கும், காய்ந்தால் திரும்ப நீளும். எனக்குத் தெரியாமல் போனாலும் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பயத்திலே பாய்மரத்தில் கட்டின நேரம் அந்த யோசனை வரவில்லை. மனுசனுடைய முகம் கறுத்துப் போய்விட்டது. எனக்கும் ஆத்திரம்தான். அவர் மேல் பாதி, மரத்தை மட்டும் படித்துவிட்டு நூலைப் படியாமல் விட்ட என் மேல் பாதி.

அந்த நேரம் கோயில் மூப்பர் உள்ளே வந்தார். பொழுது படுமுன் எடுக்க வேண்டும், இந்த வெயிலுக்கு நாளை வரைக்கும் வைத்திருக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. சாம்பிராணிப் புகைக்குள்ளும் அது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. திரும்ப ஊர்காவற்றுறைக்குப் போய் வேறு பெட்டி செய்து வருகிறது நடக்கிற காரியமில்லை.

சவிரிமுத்து கீழே பார்த்தபடி, "அத்தான்ரை முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைச்சால் கொள்ளும்," என்றார்.

மனுவேலின் மனைவி திரேசம்மா அதுவரைக்கும் தலைமாட்டில் இருந்தவர். அறுபது வயது இருக்கும். அழுது முடித்துவிட்ட முகம். எழுந்து வந்து கால்மாட்டில், தன் புருசனுக்கும் எங்களுக்கும் நடுவே நின்றார்.

"மூண்டு மாசமாய் இந்த மனுசன் வயித்து நோவிலை இறால் மாதிரிச் சுருண்டு கிடந்தவர். ஒரு நாளும் கால் நீட்டிப் படுக்கேல்லை. நேற்று மூச்சு அடங்கினாப் பிறகு நான்தான் எண்ணெய் தடவித் தடவி, என்ரை கையாலை நிமித்திக் கிடத்தினனான். இனி ஒருத்தரும் இவரை மடக்க ஏலாது."

அவர் சத்தம் போடவில்லை. குரல் நடுங்கவும் இல்லை. நான் அந்தக் கால்களைப் பார்த்தேன். எண்ணெய் மினுங்கியது. உயிரோடு இருந்தபோது மருந்தாலும் மன்றாட்டாலும் செய்ய முடியாததை அந்தப் பெண் செத்த உடம்பில் செய்து முடித்திருந்தார். நான் நாலு விரற்கடைப் பலகைக்காக அதைக் குலைப்பேனோ? என் கண் கலங்கிவிட்டது. என் தொழிலில் அது கூடாது, ஆனாலும் கலங்கியது.

"மடக்க வேண்டாம் அக்கா. நான் பெட்டியை நீட்டுறன்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பலகைக்கு எங்கே போவது? மனுவேல் நோயாய்க் கிடந்த கட்டிலைக் கழற்றலாம் என்று ஒருவர் சொன்னார். திரேசம்மா தலையை ஆட்டி மறுத்தார். அந்தக் கட்டில் கொடுத்த உபாதை போதும் என்று அவர் வாயால் சொல்லாமலே விளங்கியது. பனை மரம் அறுக்கிறதென்றால் விடிந்துவிடும். நான் வீட்டைச் சுற்றி வந்து வாசல் படலையையும் குசினிக் கதவையும் தட்டிப் பார்த்தேன். படலை உக்கல், குசினிக்குத் தென்னோலைத் தட்டிதான் கதவு. திரும்பி வந்து பார்த்தால் சவிரிமுத்துவைக் காணவில்லை. வெட்கத்தில் எங்கேயோ ஒளித்துவிட்டார் என்று நினைத்து வாய்க்குள் திட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒழுங்கையால் ஓடி வந்தார். தோளில் ஒரு வேப்பம் பலகை. காலையில் இருந்து நான் பார்த்துக்கொண்டு வந்த பலகைதான். அவருடைய வள்ளத்தின் பின்பக்கத்தில், அவர் இருந்து சுக்கான் பிடிக்கிற இருக்கை.

"வெட்டுங்கோ அண்ணை," என்று என் காலடியில் போட்டார்.

முற்றத்து மணலில் வேலை தொடங்கியது. பெட்டியின் கால்மாட்டுப் பலகையைக் கழற்றினேன். இரண்டு பக்கத்துக்கும் அடிக்கும் மூடிக்கும் என்று நாலு துண்டு தேவை. கடலில் கிடந்து இறுகின வேம்பு, வாள் இலேசாய் இறங்க மறுத்தது. பலகையை அமத்திப் பிடிக்க ஒரு ஆள் வேணும் என்று நிமிர்ந்தால், புளியங்கூடல் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். செத்த வீட்டுத் துடக்கு, தீட்டு என்று படலைக்கு வெளியே நின்ற மனுசன். எப்படியும் முழுகத்தானே வேணும் என்று சொல்லிவிட்டுப் பலகையின் மேல் காலை வைத்து அழுத்தினார். சவிரிமுத்து ஆணி எடுத்துத் தந்தார். பெண்கள் விட்ட இடத்தில் இருந்து செபமாலையைத் தொடங்கினார்கள். வாள் சத்தமும் செபமும் ஒன்றாய்க் கேட்டன. ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை, மூப்பர்கூட.

பொருத்து ஒவ்வொன்றுக்கும் உள்ளே மரப்பட்டி கொடுத்து அறைந்தேன். அடிப்பலகையில் நானே ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை. பெட்டிக்குச் சுற்றக் கொண்டு வந்த கறுப்புத் துணி பங்கீட்டுக் கூப்பனுக்கு வாங்கியது, பழைய அளவுக்குத்தான் இருந்தது. நீட்டின இடத்துக்குப் போதவில்லை. கால்மாட்டிலே, வள்ளத்துக்குப் பூசின சுறா எண்ணெய் ஊறின பலகை அப்படியே வெளியே தெரிந்தது. வேறொரு நாளாய் இருந்தால் இப்படி ஒட்டுப் போட்ட வேலையை மனுசருக்குக் காட்ட வெட்கப்பட்டிருப்பேன். திரேசம்மா வந்து அந்தப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். நல்லாய்க் கிடக்கு, மூட வேண்டாம் என்றார்.

மனுவேலைத் தூக்கி வைத்தோம். தலைமாட்டில் நான், கால்மாட்டில் சவிரிமுத்து. நேராய், நீட்டி, ஒரு இடமும் முட்டாமல் கிடந்தார். காலுக்குக் கீழே ஒரு விரற்கடை மிச்சமும் இருந்தது. கயிற்றைச் சுருட்டி அவருடைய பக்கத்தில் வைத்தேன். கால்மாட்டில் ஒட்டின பலகை தன்னுடைய வள்ளத்துப் பலகை என்று சவிரிமுத்து அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய முகம் தெளிந்தது. சேமக்காலையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மேற்கே கடல் சிவந்திருந்தது, இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. முதலாளி கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு, பொருத்து ஆடாமல் இருந்ததோ என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். தானும் செய்த வேலை என்ற நினைப்பு.

அன்று சவிரிமுத்து வீட்டில் படுத்தேன். அதைவிட வடிவான பெட்டிகள் எத்தனையோ செய்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பெரிய மனுசர் ஒருவருக்குப் பித்தளைப் பிடி வைத்து, பட்டு விரித்துச் செய்ததும் உண்டு. அதை நாலு பேர் புகழ்ந்தார்கள், நானும் கேட்டுச் சந்தோசப்பட்டேன். ஆனால் உம்முடைய ஆயுசில் நீர் செய்த நல்ல வேலை எது என்று எவராவது கேட்டால், நெடுந்தீவில் ஒட்டுப் போட்ட பெட்டி என்றுதான் சொல்வேன்.

மறுநாள் காலை காற்று எங்களுக்குச் சாதகம். மூன்று மணித்தியாலத்தில் ஊர்காவற்றுறை என்றார் சவிரிமுத்து. முதலாளி இரண்டு பசுக்களுக்கு விலை பேசிக்கொண்டு நெடுந்தீவிலேயே நின்றுவிட்டார். இருக்கைப் பலகை போன இடத்தில் சவிரிமுத்து ஒரு சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார். நான் ஆயுதப் பையை எடுக்கத் திரேசம்மா வீட்டுக்குப் போனேன்.

கரம்பொனில் யார் வீட்டுக்குப் போனாலும் போயிட்டு வாறன் என்று சொல்லாமல் படலையைத் தாண்டமாட்டோம். வீட்டுக்காரரும் வாங்கோ என்று சொல்லாமல் விடமாட்டார்கள். செத்த வீட்டில் மட்டும் அந்தச் சொல் இல்லை. வந்தவர் சொல்லக் கூடாது, இருக்கிறவர் கேட்கவும் கூடாது. சத்தமில்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். மற்றவர்களுக்கு அது வருசத்தில் ஒன்றிரண்டு தரம் வருகிற காரியம். எனக்கு வேலைக்குப் போகிற ஒவ்வொரு வீடும் அப்படித்தான். இத்தனை வருசத் தொழிலில் என்னைத் திரும்ப வரச் சொன்ன வீடு ஒன்றும் இல்லை. அதை நான் குறையாய் நினைத்ததும் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் நினைத்திருக்கிறேன்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கப்படி தலையைக் குனிந்து படலைக்கு வந்துவிட்டேன். பின்னால் திரேசம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, நில்லும்."

திரும்பினேன். கறுப்புச் சேலையோடு வாசலில் நின்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைத் தடுக்கிறது போல் கையைப் பிடித்தார்கள். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"என்ரை நாளுக்கும் நீர்தான் வர வேணும்," என்றார்.

சொல்லக் கூடாத சொல்தான், அந்த வாசலில், அவ்வளவு பேருக்கு முன்னால். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"ஓம் அக்கா. வாறன்."